கிளிநொச்சியின் பழைய கடதாசிகளையும் படங்களையும் பொருட்களையும் சேகரிப்பது எப்படி?

கேள்வி: கரைச்சிவாசி

எல்லோருக்கும் வணக்கம்.

கிளிநொச்சி நகரை ஒட்டிய எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஓர் அறை அண்மையில் திருத்தி முடிக்கப்பட்டது. அந்த அறையில் ஊரின் பழைய படங்களையும் கடதாசிகளையும் வீட்டுப் பொருட்களையும் வைத்து, பாடசாலைப் பிள்ளைகள் வந்து பார்க்கக்கூடியதாக ஒரு சிறு சேகரிப்பைத் தொடங்க வேண்டும் என்று நிருவாகத்தினர் விரும்புகிறார்கள். அந்த வேலையை இளையவர்களான எங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

வேலையைத் தொடங்கியபோதே ஒரு சிக்கல் தெரிந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டில் இருந்தவர்களிடம் பெட்டகமும் அலுமாரியும் இருக்கும்; அவற்றுக்குள் ஏதாவது கிடக்கும். எங்கள் பக்கத்தில் 1996ஆம் ஆண்டிலும் பின்னர் 2008ஆம் ஆண்டிலும் போரினால் ஊர் முழுவதுமே எழும்பிப் போனது. திரும்பி வந்தவர்களில் பலருக்கு வீட்டின் அத்திவாரம் மட்டுமே எஞ்சியிருந்தது. ஆகவே வீடு வீடாகச் சென்று கேட்டால், "எங்களிட்ட என்ன தம்பி இருக்கு, எல்லாம் போட்டுது" என்ற பதில்தான் முதலில் வருகிறது. ஆனால் சற்று நேரம் இருந்து கதைத்தால், உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையை எடுத்து வருகிறார்கள். அதற்குள் காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள், பழைய பங்கீட்டட்டை, இரண்டு மூன்று படங்கள் இருக்கின்றன.

இவற்றில் எவை ஊரின் வரலாற்றுக்கு உதவும்? உரியவர்களிடமிருந்து வாங்கி வைப்பது சரியா? திகதி எழுதப்படாத படங்களின் காலத்தை எப்படிக் கணிப்பது? உதாரணமாக, ஏ-9 வீதியோரக் கடைத்தொகுதி ஒன்றின் வண்ணப்படம் எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதில் ஒரு கடையின் பெயர்ப்பலகை பாதி தெரிகிறது, சைக்கிள்கள் நிற்கின்றன, பின்னால் தண்ணீர்த்தாங்கி தெரிகிறது. படத்தைத் தந்தவருக்கு எடுத்த ஆண்டு நினைவில்லை. இவ்வாறான வேலையில் பழக்கமுள்ளவர்கள் வழிகாட்டினால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில்: பரந்தன் சந்தி

தம்பி, நல்ல வேலையைக் கையில் எடுத்திருக்கிறீர்கள். அந்தப் பொலித்தீன் பையைத்தான் நீங்கள் முதலில் மதிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஓடும்போது எதை விட்டுவிட்டு எதைக் கையில் எடுப்பது என்று ஒவ்வொரு குடும்பமும் தீர்மானித்து, தறப்பாள் கொட்டிலிலும் பதுங்குகுழியிலும் செட்டிகுளம் முகாமிலும் நனையாமல் காப்பாற்றிக் கொண்டுவந்த கடதாசிகள் அவை. அரும்பொருட்களைத் தேடி வெளியில் அலைவதற்கு முன் இந்தப் பைகளை ஒழுங்காகப் படம்பிடித்துப் பதிந்தாலே உங்கள் அறையின் பெரும்பகுதி நிறைந்துவிடும்.

அவற்றில் காணி அனுமதிப்பத்திரத்துக்கு முதலிடம் கொடுங்கள். கிளிநொச்சி பழைய நகரம் அன்று. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக்குளத்தைக் கட்டும் வேலை 1902ஆம் ஆண்டில் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நடந்தது. அந்தத் தண்ணீரை நம்பி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் நெருக்கடியைக் குறைப்பதற்காக 1936ஆம் ஆண்டளவில் இங்கே குடியேற்றம் ஆரம்பித்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான் குடியேறியவர்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்தார்கள். ஆகவே ஒரு வீட்டின் அந்தப் பத்திரத்தை, அதாவது பெர்மிட்டைப் பார்த்தால், அந்தக் குடும்பம் எப்போது வந்தது, எந்த வாய்க்காலின் கீழ் வயல் கிடைத்தது, மேட்டுக்காணி எங்கே இருந்தது என்பதெல்லாம் தெரியவரும். உருத்திரபுரத்தில் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று இன்றும் இடத்தைச் சொல்கிறோம். ஏ-9 வீதியில் கண்டியிலிருந்து எண்ணிய மைல் கணக்கில் 155ஆம் கட்டை என்கிறோம். வீதியும் வாய்க்காலும் போட்ட இலக்கங்களையே விலாசமாகக் கொண்டு வளர்ந்த ஊர் இது. பத்துப் பெர்மிட்டுகளை ஒரு வரைபடத்தில் பொருத்திப் பாருங்கள், பழைய கிளிநொச்சி உங்கள் கண்முன் எழும்.

எல்லோரும் ஒரே இடத்திலிருந்து வந்தவர்கள் அல்லர் என்பதையும் மறக்க வேண்டாம். குடாநாட்டிலிருந்து வந்தவர்கள் ஒருபுறம். 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்கள் மறுபுறம். பின்னையவர்களில் பலரிடம் பெர்மிட் இல்லை என்பதால் அவர்களுடைய வரலாறு கடதாசியில் குறைவாகவே கிடைக்கும். அவர்களிடம் தோட்டத்துப் பிறப்புப் பதிவு, பிரசாவுரிமைப் பத்திரம், லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) எடுத்த குடும்பப் படம் போன்றவை இருக்கலாம். அவற்றை நீங்கள் தேடிப் போய்க் கேட்காவிட்டால் உங்கள் அறை ஊரின் ஒரு பாதியைத்தான் காட்டும்.

இன்னொன்று, புகையிரதம். 1956ஆம் ஆண்டு ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1990ஆம் ஆண்டு ஜூனில் வவுனியாவுக்கு வடக்கே சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2013ஆம் ஆண்டு செப்டெம்பரில்தான் கிளிநொச்சிக்கு மீண்டும் புகையிரதம் வந்தது. இடைப்பட்ட காலத்தில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை புகையிரதத்தைக் காணாமலேயே பெரியவர்களாகிவிட்டது. பழைய தடித்த அட்டைப் பயணச்சீட்டு ஒன்று யாரிடமாவது புத்தகத்துக்குள் அகப்பட்டால் அதை விட்டுவிடாதீர்கள். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களின் அடையாள அட்டைகளையும் சம்பளத் துண்டுகளையும் விசாரியுங்கள். ஆனையிறவு உப்பிலிருந்து சோடாக்காரமும் குளோரினும் செய்த அந்த ஆலையை நம்பிப் பரந்தனில் எத்தனையோ குடும்பங்கள் வாழ்ந்தன. இன்றைய பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இயங்கியது என்பதே புதிய செய்தியாக இருக்கும்.

பதில்: ஏடும் படமும்

பரந்தன் சந்தி ஐயா சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். நான் காலக்கணிப்பையும் பாதுகாப்பையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் கடைத்தொகுதிப் படத்தில் தண்ணீர்த்தாங்கி நிமிர்ந்து நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். போரின் பின்னர் ஏ-9 வழியாக வந்தவர்கள் இறங்கி நின்று பார்த்துச் சென்ற, சரிந்து கிடந்த தாங்கிதான் அது என்றால், நிமிர்ந்து நிற்கும் படம் 2009ஆம் ஆண்டு ஜனவரிக்கு முற்பட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். அடுத்து, பெயர்ப்பலகையை ஸ்கான் செய்து பெரிதாக்கிப் பாருங்கள். தொலைபேசி இலக்கம் இருந்து, அது இன்றைய பத்து இலக்க வடிவத்தில் இருந்தால் ஒரு காலம், அதைவிடக் குறுகியதாக இருந்தால் அதற்கு முந்திய காலம். 2002ஆம் ஆண்டு ஏப்ரலில் யாழ்ப்பாணம் வரை ஏ-9 திறந்து, 2006ஆம் ஆண்டு ஆகஸ்டில் மூடப்படும் வரையுள்ள நான்கு ஆண்டுகளில் கடைகளும் கொமினிகேசன்களும் (தொலைபேசி அழைப்பு நிலையங்களும்) புதிது புதிதாக எழும்பின. கடைக்கு முன்னால் தென்பகுதி இலக்கத்தகடு கொண்ட வாகனமோ, வெளிமாவட்டப் பேருந்தோ நின்றால் அந்தக் காலமாக இருக்க வாய்ப்பு அதிகம். சைக்கிள்கள் மட்டும் நிற்பதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். எங்கள் ஊரில் எக்காலத்திலும் சைக்கிள் நின்றிருக்கிறது.

கடதாசிகளுக்கும் இவ்வாறே தடயங்கள் உண்டு. 1984ஆம் ஆண்டு பெப்ரவரியில்தான் கிளிநொச்சி தனி மாவட்டமானது. ஆகவே கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி ஆகிய இடங்களின் பத்திரங்களில் யாழ்ப்பாண மாவட்டம் என்று அச்சிடப்பட்டிருந்தால் அவை பெரும்பாலும் அதற்கு முற்பட்டவை. பழைய படிவம் கையிருப்பில் இருந்தால் அதையே தொடர்ந்து பாவிக்கும் வழக்கம் அலுவலகங்களில் இருந்தபடியால், கையால் எழுதிய திகதியோடு ஒப்பிடாமல் முடிவுக்கு வர வேண்டாம். ஆங்கிலத்தில் சிலோன் என்று இருந்தால் 1972ஆம் ஆண்டு மே மாதத்துக்கு முந்திய அச்சு. பேருந்துப் பயணச்சீட்டில் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பெயர் இருந்தால் 1958ஆம் ஆண்டுக்குப் பிற்பட்டது, அதற்கு முன்னர் தனியார் கம்பனிகளே ஓடின.

பாதுகாப்பைப் பொறுத்தவரை ஒன்றை மிக அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எதையும் லமினேற் செய்யாதீர்கள். எங்கள் மக்களுக்கு முக்கியமான கடதாசி என்றால் உடனே லமினேற் செய்துவிடும் பழக்கம் உண்டு. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்ரிக்கைப் பின்னர் கழற்ற முடியாது. ஓரத்தில் சிறு வெடிப்பு வந்தாலும் ஈரம் உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல் கடதாசியைக் கறுக்க வைக்கும். 2018ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தின்போது நனைந்த கடதாசிகளில், சாதாரண உறையில் இருந்தவற்றைப் பிரித்து நிழலில் உலர்த்த முடிந்தது. லமினேற் செய்தவற்றுக்குள் தண்ணீர் போனதன் பின்னர் செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. ஒட்டுநாடாவும் அப்படித்தான்: சில ஆண்டுகளில் மஞ்சளாகிக் கறையை விட்டுவிட்டு உதிரும். கண்ணாடிச் சட்டத்தில் படம் ஒட்டிப்போயிருந்தால் பிய்த்து எடுக்கப் பார்க்காமல், கண்ணாடியோடு சேர்த்தே படம்பிடியுங்கள்.

படத்தின் பின்புறத்தில் எழுத வேண்டுமென்றால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். குமிழ்முனைப் பேனா முன்பக்கம் வரை அழுந்தும், மையும் ஊறும். கடதாசிகளுக்கு 300, படங்களுக்கு 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கான் செய்து, சுருக்கப்படாத கோப்பு ஒன்றை மூலமாக வைத்துக்கொண்டு, பகிர்வதற்கு வேறு பிரதி எடுங்கள். மூன்று பிரதிகள் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று கட்டாயம் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும். ஏன் என்பதை வன்னியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஆவணங்களையும் 2005ஆம் ஆண்டிலிருந்து எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்தாரோடு தொடர்பு கொண்டால் வெளியூர்ப் பிரதிக்கு ஒரு வழி பிறக்கும். அறைக்குள் கறையான் வராமல் இருக்க, அலுமாரியைச் சுவரை ஒட்டி வைக்காமல் கால்களை உயர்த்தி வையுங்கள்.

பதில்: வைரவபுளியங்குளம்

நான் வவுனியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் இவ்வாறான சேகரிப்பு என்றவுடன் வெள்ளையரை எதிர்த்த வன்னி மன்னன் பண்டாரவன்னியனைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். அது நியாயமானதே. கற்சிலைமடுவில், 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்று வெற்றி பெற்றவர்களே பொறித்த கல் ஒன்று நின்றது. பின்னாளில் அது உடைக்கப்பட்டபோதும், அதில் இருந்த வாசகம் ஏற்கனவே பலரால் படியெடுக்கப்பட்டிருந்தபடியால் சொற்கள் அழியவில்லை. கல்லுக்கே அந்த நிலை என்றால் கடதாசிக்குப் படியெடுத்து வைப்பது எவ்வளவு அவசரமானது என்று யோசித்துப் பாருங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது பாஸ், அதாவது நகரில் தங்குவதற்கான அனுமதித்துண்டு பற்றி. தொண்ணூறுகளில் வன்னியிலிருந்து வவுனியாவுக்குள் வந்தவர்கள் பாஸ் இல்லாமல் நகரில் தங்க முடியாது. ஒருநாள் பாஸ், ஒருவாரப் பாஸ், மாதப் பாஸ் என்று பலவகை இருந்தன. உள்ளூரில் ஒருவர் பிணை நிற்க வேண்டும். முடிவதற்குள் வரிசையில் நின்று புதுப்பிக்க வேண்டும். வைத்தியத்துக்கு வந்தவரும், திருமண வீட்டுக்கு வந்தவரும், பரீட்சை எழுத வந்த பிள்ளையும் அந்தத் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் திரிந்தார்கள். 2002ஆம் ஆண்டு பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு வந்ததன் பின்னர் அந்த நடைமுறை தளர்ந்து இல்லாமற் போனது. அதோடு மக்கள் அவற்றைக் கிழித்து எறிந்துவிட்டார்கள், எறியத்தான் தோன்றும். அதனாலேயே எஞ்சியவை அரியவையாகிவிட்டன. கிளிநொச்சியில் இருப்பவர்களிடமும் இவை நிச்சயம் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

ஆனால் அவற்றைப் பொதுவில் வைக்கும்போது கவனம் வேண்டும். பாஸிலும் குடும்ப அட்டையிலும் அடையாள அட்டை இலக்கம், பிணை நின்றவரின் பெயர், விலாசம் எல்லாம் இருக்கும். அவர்களிற் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். மூலப்படியை மறைக்காமல் பாதுகாத்து வையுங்கள். பார்வைக்கு வைக்கும் பிரதியில் பெயரையும் இலக்கத்தையும் மறைத்துவிடுங்கள். உரியவர் ஒப்புக்கொண்டால் மட்டுமே பெயரை வெளியிடலாம். அந்த ஒப்புதலை எழுத்தில் வாங்குவது நல்லது.

வெறும் துப்பாக்கி ரவைக் கோதுகள், ஷெல் துண்டுகள் போன்றவற்றைச் சேர்க்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அவற்றில் எது வெடித்தது, எது வெடிக்காதது என்று எங்களால் சொல்ல முடியாது. பிள்ளைகள் வரும் அறையில் அவற்றுக்கு இடமில்லை. "வீட்டில் ஒன்று கிடக்கிறது, கொண்டு வரட்டுமா" என்று யாராவது கேட்டால், தொடாமல் விட்டுக் கிராம சேவையாளருக்கு அறிவிக்கச் சொல்லுங்கள்.

பதில்: வட்டக்கச்சி அக்கா

தம்பிமார் எல்லோரும் கடதாசியைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். வீட்டுப் பொருட்களையும் சேர்க்கப் போவதாகக் கேள்வியில் இருந்தபடியால் அதைப் பற்றி எழுதுகிறேன்.

பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் நாங்கள் எப்படிச் சமைத்தோம், எப்படிப் படித்தோம் என்பதைக் காட்டும் பொருட்கள் இன்னும் குசினிகளின் மூலையில் கிடக்கின்றன. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக் குழாயில் திரியைக் கோத்துக் கொளுத்திய விளக்கைப் பார்த்தவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் எங்களிற் பலர் சாதாரண தரமும் உயர்தரமும் எழுதினோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவிலிருந்து வானொலி கேட்டது, சில துளி பெற்றோலில் மோட்டார் சைக்கிளை இயக்கிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடியது, இவற்றையெல்லாம் செய்துகாட்டத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விளக்கைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் அது வெறும் போத்தல்தான். ஒரு பெரியவரைக் கூப்பிட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் அதைச் செய்யச் சொல்லுங்கள். செய்யும்போது அவர் சொல்வதைக் காணொளியாகப் பதியுங்கள். எவ்வளவு எண்ணெய், அதை எங்கே வாங்கினார், எத்தனை பேர் ஒரு விளக்கைச் சுற்றி இருந்தார்கள் என்று கேளுங்கள்.

பொருளை வாங்கும்போது கதையையும் அதே நாளிலேயே எழுதிவிட வேண்டும். சட்டி ஒன்றைத் தந்தால், முத்தையன்கட்டிலிருந்து விசுவமடுவுக்கும் அங்கிருந்து புதுக்குடியிருப்புக்கும் மாத்தளனுக்கும் அது யாருடைய தலையில், எந்த லாண்ட்மாஸ்டரில் (இருசக்கர உழவு இயந்திரத்தில்) போனது என்று தந்தவரின் சொற்களிலேயே எழுதுங்கள். வளவுக்குள் கிடங்கு வெட்டிப் புதைத்துவிட்டுப் போய், மீள்குடியேற்றத்தின் பின்னர் தோண்டி எடுத்த பாத்திரங்களும் தையல் இயந்திரங்களும் எங்கள் பக்கத்தில் உண்டு. கிடங்கு எந்த மரத்துக்குக் கிட்ட வெட்டப்பட்டது என்பது வீட்டுப் பெண்களுக்குத்தான் தெரியும். ஆண்களை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் இந்தக் கதைகள் உங்களுக்குக் கிடைக்காது. நல்லநாள் பெருநாளிலும், அறுவடை முடிந்து நெல் காயப்போடும் நேரத்திலும் போகாதீர்கள். பின்னேரத்தில், வேலை ஓய்ந்த நேரத்தில், கூடவே ஒரு பெண் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

கடைசியாக ஒன்றை மனம் கனத்துத்தான் எழுதுகிறேன். அந்தப் பைக்குள் இருக்கும் இரண்டு மூன்று படங்களில் ஒன்று காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படமாக இருக்கலாம். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் 2017ஆம் ஆண்டு பெப்ரவரியில் பிள்ளைகளைத் தேடிப் போராட்டத்தில் உட்கார்ந்த தாய்மார் கையில் வைத்திருந்தவை அப்படியான படங்கள்தான். அவர்களுக்கு அது பழைய படம் அன்று. அதை ஒரு நாளைக்கென்றாலும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். ஸ்கான் இயந்திரத்தை அல்லது நல்ல கமராவை அந்த வீட்டுக்குக் கொண்டு போங்கள். எடுத்த பிரதியைப் பெரிதாக அச்சிட்டு முதலில் அந்தத் தாயிடம் கொடுங்கள். அறையில் வைப்பதா இல்லையா என்பதை அவர் சொல்லட்டும். 'பழைய நினைவுகள்' என்ற தலைப்பின் கீழ் அந்தப் படத்தை ஒருபோதும் தொங்கவிட வேண்டாம்.

மறுமொழி: கரைச்சிவாசி

ஐயாவுக்கும் அண்ணாமாருக்கும் அக்காவுக்கும் மிகவும் நன்றி. நீங்கள் எழுதியவற்றை நிருவாகக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். மூலங்களை வாங்குவதில்லை, வீட்டுக்கே போய்ப் படியெடுப்பது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவுத்தாள் எழுதுவது என்று தீர்மானித்திருக்கிறோம். உரியவர் தாமாக விரும்பிக் கொடுப்பதை மட்டும் கையொப்பத்தோடு ஏற்போம். அவர் திருப்பிக் கேட்டால் கொடுக்க வேண்டும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுகிறோம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். தாங்கி நிமிர்ந்துதான் நிற்கிறது. பலகையில் 021 எனத் தொடங்கும் பத்து இலக்கத் தொலைபேசி எண் தெரிகிறது. கடையின் பெயரில் கடைசி மூன்று எழுத்துகள் மட்டும் வாசிக்கக்கூடியதாக உள்ளன. ஓரத்தில் ஒரு பேருந்தின் பின்பக்கம் இருக்கிறது. ஆகவே 2002க்கும் 2006க்கும் இடைப்பட்டது என்றே இப்போதைக்குக் குறித்திருக்கிறோம், பக்கத்தில் எந்த அடிப்படையில் என்பதையும் எழுதியிருக்கிறோம்.

இனி ஒரு வேண்டுகோள். அந்தக் காலத்தில் கிளிநொச்சியில் ஸ்ரூடியோ நடத்தியவர்கள், அல்லது அவர்களிடம் வேலை பழகியவர்கள் யாரேனும் இதை வாசித்தால், நெகற்றிவ்கள் ஏதும் மிஞ்சியிருக்கின்றனவா என்று தயவுசெய்து தெரிவியுங்கள். பூஞ்சணம் பிடித்திருந்தாலும் எறிந்துவிட வேண்டாம். துடைக்கவும் வேண்டாம். நாங்களே வந்து பார்க்கிறோம்.